வண்ணமற்ற கண்ணாடி

சேறு. நாணல். நீர் வடிந்துபோன கழிமுகம். அதன் ஓரத்து மேட்டில் ஓர் ஆலயம்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரை. சஃபோக் மாவட்டம். ஊரின் பெயர் ப்ளைத்பர்க். வீடுகள் கொஞ்சம். ஆலயம் பெரிது. அளவு பொருந்தவில்லை என்று கண் முதலில் சொல்கிறது. பிறகு பழகிவிடுகிறது.

சதுப்பு நிலத்தின் பேராலயம் என்கிறார்கள். பேராலயம் அல்ல. பிஷப்பின் ஆசனம் இங்கே இல்லை. ஊர்ச்சபையின் ஆலயம். தூய திரித்துவத்தின் பெயரில் நிற்கிறது.

நெடுஞ்சாலையில் கார்கள். ஓசை வருகிறது. போகிறது.

*

சுவர்மேல் உள்ளங்கை. குளிர்.

கறுத்த கல் வழவழக்கிறது. அதை ஒட்டிய வெளிர் கல் சொரசொரக்கிறது.

கறுத்தது சிக்கிமுக்கிக் கல். இந்த மண்ணில் தாராளமாகக் கிடைப்பது அது ஒன்றுதான். வயலை உழுதால் மேலே வருகிறது. வெளியே அழுக்கு வெள்ளை. உடைத்தால் உள்ளே கருமை, ஈரம் பட்டதுபோன்ற மினுக்கம். உடைந்த முகம் வெளியே தெரிய வைத்து, சுற்றிலும் சுண்ணக்கல்லில் சட்டம் பொருத்தியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே மட்டம். விரல் ஓடும்போது மேடு பள்ளம் தட்டுவதில்லை. குளிர்ச்சியின் அளவு மட்டும் மாறுகிறது.

வெளிர் கல் வெளியூர்க் கல். நீர்வழியே வந்து இறங்கியது. அப்போது ஆற்றில் ஆழம் இருந்தது.

*

கிழக்குச் சாளரத்தின் கீழே, வெளிச் சுவரில், ஒரே வரிசையாக எழுத்துகள். லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம்.

எழுத்தை விட்டு, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் இருக்கும் இடத்தில் கண் தங்குகிறது.

*

ஆலயத்தைப் புதிதாக எழுப்ப அனுமதி கிடைத்த ஆண்டு 1412. பக்கத்தில் அகஸ்தீன் துறவியரின் சிறிய மடம். மேற்கே நிற்கும் கோபுரம் அதற்கும் முந்தியது. அதை மட்டும் விட்டுவைத்து, மற்ற எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுகிறார்கள்.

15ஆம் நூற்றாண்டு முழுவதும் வேலை நடக்கிறது. துறைமுகத்தின் பணம். மீனின் பணம். கம்பளியின் பணம். சாகிறவர்கள் உயிலில் எழுதிவைத்த பணம். தொடங்கியவர் முடிவைப் பார்ப்பதில்லை. அவருடைய பேரனும் பார்த்திருக்க மாட்டான்.

பிறகு ஆற்றில் மண் சேர்கிறது. கப்பல்கள் பெரிதாகின்றன. பெரிய கப்பல் இந்த ஆற்றில் ஏறுவதில்லை. 8ஆம் ஹென்றி மன்னர் மடங்களை மூடுகிறார். இந்த மடமும் போகிறது. ஊர் சுருங்குகிறது.

ஆலயம் சுருங்கவில்லை. கல்லுக்கு அது தெரியாது.

*

தெற்கு வாசல் மண்டபம். மேலே சிறு அறை ஒன்று. ஏறிப்போக ஒடுக்கமான சுழல்படி. படியின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருக்கிறது.

கதவு கனமானது. இரும்பு வளையம் கையில் குளிர்கிறது. திருகினால் உள்ளே எங்கோ தாழ் எழும்பும் ஓசை.

ஒரு படி இறங்கியதும் காற்று மாறுகிறது.

மெழுகு. ஈரச் சுண்ணாம்பு. பழைய காகிதம். யாரோ வைத்துப் போன பூக்களின் தண்ணீர்.

*

வெளிச்சம்.

இவ்வளவு வெளிச்சத்தை எதிர்பார்த்து யாரும் இப்படிப்பட்ட கதவைத் திறப்பதில்லை. பழைய ஆலயம் என்றால் இருட்டு, அதில் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி, மெழுகுவர்த்தியின் ஒரு புள்ளி. மனம் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே வருகிறது.

இங்கே நீர்மோர் போல வெளிறிய ஒளி, தரையிலிருந்து கூரை வரை. நிழலுக்கும் ஒளிக்கும் நடுவே கோடு இல்லை.

கீழே பக்கவாட்டுச் சாளரங்கள். அவற்றுக்கும் மேலே, தூண்களின் தலைக்கு மேல், இன்னொரு வரிசை. பக்கத்துக்கு 18. நெருக்கமாக, ஒன்றை அடுத்து ஒன்று. சுவர் என்று சொல்ல அங்கே மிச்சம் இருப்பது மெல்லிய கல் பட்டைகள்தான்.

எல்லாவற்றிலும் வெறும் கண்ணாடி. அதற்கு அப்பால் மேகம் நகர்கிறது. தரையில் வெளிச்சம் கூடுகிறது. குறைகிறது.

மூச்சு உள்ளே. மூச்சு வெளியே.

*

தூண்கள் மெலிந்தவை. எட்டுப் பட்டை. அவற்றின் மேல் கூர்வளைவுகள். ஒன்று, அடுத்தது, அடுத்தது. கிழக்கே போகப்போக எண்ணும் பழக்கம் தானாகத் தொடங்குகிறது. தானாக நிற்கிறது.

சுவரில் சுண்ணாம்பு வெள்ளை. அதற்கும் கீழே ஒரு காலத்தில் ஓவியங்கள் இருந்திருக்கும். இந்த நாட்டின் எந்தப் பழைய ஆலயத்திலும் சுவர் சும்மா இருந்ததில்லை. கடைசி நியாயத்தீர்ப்பு. குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்தோபர். 16ஆம் நூற்றாண்டின் நடுவில், 6ஆம் எட்வர்ட் மன்னரின் ஆட்சியில், அவற்றின்மேல் சுண்ணாம்பு ஏறுகிறது.

வெள்ளைச் சுவர். வெறுமனே பார்க்கிறேன். ஒரு விரிசல். அதன் ஓரத்தில் சற்று மஞ்சள்.

*

தலை தானாக நிமிர்கிறது.

கூரைக்குச் சரிவு மிகக் குறைவு. ஏறக்குறையத் தட்டை. சுவரிலிருந்து சுவருக்குப் பெரிய உத்தரங்கள். உத்தரத்தின் நடுவில் தேவதூதர்கள் இருவர், முதுகோடு முதுகாக. ஒருவர் கிழக்கே பார்க்கிறார். மற்றவர் மேற்கே. படுத்த வாக்கில், சிறகு விரித்து. அடுத்த உத்தரத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

ஓக் மரம். நீண்ட முகம். அகன்ற கண்கள். சுருண்ட முடி. மார்புக்கு முன்னே கேடயம்.

எல்லா முகமும் ஒன்றல்ல. ஒருவர் வாய் சற்றே திறந்திருக்கிறது. ஒருவர் களைத்திருக்கிறார். அல்லது, பார்க்கிற கழுத்தின் களைப்பு அங்கே போய்ச் சேருகிறது.

சிலருக்குச் சிறகு இல்லை.

*

கைமரங்களில் வண்ணம் இன்னும் இருக்கிறது. வெள்ளைப் பூச்சின்மேல் சிவப்பு, பச்சை. பூக்கள். இயேசுவின் பெயரைக் குறிக்கும் மூன்று எழுத்துகள், திரும்பத் திரும்ப, கூரை நெடுகிலும்.

மங்கியிருக்கிறது. மங்கியதால் மரத்தோடு ஒன்றாகியிருக்கிறது. புதிதாக இருந்த நாளில் இது பளிச்சென்று, திருவிழாப் பந்தல் கணக்காக, கண்ணைக் கூசவைத்திருக்க வேண்டும். அமைதி இவர்கள் கட்டியதல்ல. பின்னால் வந்து சேர்ந்தது.

500 ஆண்டுகளில் யாரும் மறுபடி வண்ணம் பூசவில்லை. பூசாதிருந்ததற்கு நன்றி தோன்றுகிறது. யாருக்கு என்று தெரியவில்லை.

*

கூரையில் தேவதூதர்களைச் செதுக்கும் வழக்கம் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திலிருந்து பரவியது என்கிறார்கள். 1390களில் அந்தக் கூரையை அமைத்த தச்சர் ஹியூ ஹெர்லண்ட். அதன்பிறகு நார்ஃபோக்கிலும் சஃபோக்கிலும் ஆலயம் ஆலயமாகத் தூதர்கள் இறங்குகிறார்கள்.

மன்னரின் தச்சருக்குப் பெயர் இருக்கிறது. இந்தக் கூரையைச் செதுக்கியவருக்குப் பெயர் இல்லை.

அந்தப் பெயரை அறியும் ஆசை எழுகிறது. சற்று நேரம் இருக்கிறது.

*

1644. ஏப்ரல்.

வில்லியம் டௌசிங் வருகிறார். சஃபோக்கின் லாக்ஸ்ஃபீல்டில் பிறந்தவர். உள்நாட்டுப் போர் நடக்கிறது. நாடாளுமன்றத்தின் சட்டம் கையில். மான்செஸ்டர் பிரபு கொடுத்த அதிகாரம் பையில். படங்கள், சிலுவைகள், தேவதூதர்கள், செத்தவர்களின் ஆன்மாவுக்காக மன்றாடச் சொல்லும் பித்தளைத் தகடுகள்: கடவுளுக்கும் மனிதருக்கும் குறுக்கே நிற்பவை என்று அவர் நம்பிய எல்லாம் போக வேண்டும். கேம்பிரிட்ஜ் வட்டாரத்திலும் சஃபோக்கிலுமாக 250-க்கும் மேற்பட்ட ஆலயங்களுக்குப் போகிறார். போன இடத்தையெல்லாம் நாட்குறிப்பில் எழுதுகிறார்.

ப்ளைத்பர்க்கைப் பற்றியும் எழுதியிருக்கிறார். சில வரிகள். கணக்குப் பிள்ளையின் சுருக்கம். மூன்று தகடுகளைத் தாமே உடைத்தது. 20 தேவதூதர்களை இறக்க வேண்டும் என்று கண்டது. 200-க்கும் மேற்பட்ட படங்களை எட்டு நாளுக்குள் எடுத்துவிட ஆணை.

பிறகு அடுத்த ஊர்.

*

படங்கள் போயின. சாளரக் கண்ணாடி போனது.

தேவதூதர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

நீண்ட ஏணி வேண்டும். சாரம் கட்ட வேண்டும். சாரத்துக்குக் காசு வேண்டும். உத்தரத்தோடு இணைந்த மரத்தை அறுத்தால் கூரையே என்ன ஆகுமோ. எட்டு நாள் கெடு முடிகிறது. ஒருவரும் ஏறவில்லை.

ஊர்க்காரர்கள் வேண்டுமென்றே தாமதித்தார்களா. சோம்பல்தானா. அன்பா. மூன்றும் வெளியே ஒன்றுபோலவே தெரியும்.

கோபம் எழுகிறது, அந்த மனிதர்மேல். அவருடைய நாட்குறிப்பு இல்லாவிட்டால், இங்கே என்ன இருந்தது என்பதே பாதி மறைந்துபோயிருக்கும். கோபம் அப்படியே நிற்கிறது. இதுவும் அதன் பக்கத்தில் நிற்கிறது.

*

சிறகுகளில் ஈயக் குண்டுகள்.

டௌசிங்கின் ஆட்கள் தூதர்களைச் சுட்டார்கள் என்று ஊர் நெடுங்காலம் சொல்லிவருகிறது. பழுதுபார்க்க மேலே ஏறியவர்கள் குண்டுகளை எடுத்துப் பார்க்கிறார்கள். அவை அடுத்த நூற்றாண்டின் குண்டுகள். ஆலயத்தின் 18ஆம் நூற்றாண்டுக் கணக்கில், ஜாக்டா என்னும் சின்னக் காக்கைகளைச் சுட வாங்கிய வெடிமருந்துக்கும் குண்டுக்கும் செலவு எழுதியிருக்கிறது.

பறவைகள் உள்ளே கூடு கட்டுகின்றன. மனிதர்கள் கீழே நின்று மேலே சுடுகிறார்கள். குறி தப்புகிறது. மரச் சிறகு வாங்கிக்கொள்கிறது.

பகை இல்லை. பக்தியும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை வேலை.

*

சாளரத்தின் உச்சியில், கல் பின்னலின் இடுக்குகளில், பழைய வண்ணக் கண்ணாடி துண்டு துண்டாக. அடர்ந்த சிவப்பில் ஒரு கீற்று. முகமாக இருக்கலாம். உடையின் மடிப்பாக இருக்கலாம்.

வண்ணம் போனது இழப்புதான். அதை அழகு என்று சொல்லி மறைப்பதற்கில்லை. ஆனால் இந்த ஒளி அந்த இழப்பின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முயல்கிறேன். முடியவில்லை. முயற்சி ஓய்கிறது.

சிவப்புக் கீற்றின் நிழல் எதிர்த் தூணில். கைநகம் அகலம். மேகம் வந்ததும் இல்லை.

*

பெஞ்சுகள். மரம் கறுத்து, கைபட்ட இடம் பளபளத்து.

ஒவ்வொரு பெஞ்சின் கோடியிலும், மேல் முனையில், ஓர் ஆள். ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம். 15ஆம் நூற்றாண்டு.

ஒருவர் படுக்கையில் உட்கார்ந்திருக்கிறார். போர்வை இடுப்பு வரை. எழுந்திருக்க மனமில்லை. சோம்பல்.

ஒருவர் பணப்பெட்டிமேல் அமர்ந்து அதை அழுத்திப் பிடித்திருக்கிறார். பேராசை.

ஒருவர் தம் வயிற்றைத் தாமே தாங்குகிறார்.

ஒருவர் கைகூப்பி ஜெபிக்கிறார். கண்கள் திறந்திருக்கின்றன. பக்கத்தில் யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கிறார். வேஷம்.

நாக்கு நீண்ட ஒருவர். அவதூறு.

தொழுமரத்தில் கால் மாட்டிய குடிகாரர்.

சோம்பலின் தலையில் கை வைக்கிறேன். வழுவழுப்பு. எத்தனையோ பேர் எழும்போதும் உட்காரும்போதும் பற்றிக்கொண்ட தலை. முகத்தில் மூக்கு இல்லை. ஆனாலும் தூக்கம் தெளிவாகத் தெரிகிறது.

பாவம் என்று பெயரிட்டுச் செதுக்கியவர், அதன்மேல் கொஞ்சம் பிரியத்தோடுதான் உளியை ஓட்டியிருக்கிறார். அந்தப் போர்வையின் மடிப்பைப் பார்த்தால் வேறு எப்படி நினைப்பது.

*

பாவங்களுக்கு நடுவே பருவங்கள். விதைப்பவர். கதிர்க்கட்டோடு ஒருவர். குளிருக்கு முன் பன்றி அறுப்பவர்.

இரக்கத்தின் செயல்களும் உண்டு. பசித்தவருக்குச் சோறு. சிறையில் கிடப்பவரிடம் போவது. செத்தவரைப் புதைப்பது.

வரிசை ஒழுங்கு இல்லை. சோம்பல், அறுவடை, அடக்கம். பிறகு பெயர் தெரியாத ஒருவர், கைகள் ஒடிந்து.

வேலையும் பாவமும் இரக்கமும் ஒரே உயரத்தில், ஒரே மரத்தில். அவற்றுக்கு நடுவே உட்கார மனிதருக்கு இடம்.

*

உட்கார்கிறேன். பலகை கடினம். முதுகு நேராகிறது.

முழந்தாளிட மெத்தை ஒன்று கீழே. கம்பளி நூலில் பூத்தையல். சபைப் பெண்கள் குளிர்காலங்களில் தைப்பவை இவை. ஓரத்தில் நூல் சற்றுப் பிரிந்திருக்கிறது.

கால்விரல்களில் குளிர் ஏறுகிறது. தரையிலிருந்து வருகிறது. செங்கல், சுட்ட மண் ஓடு, கல்லறைப் பலகை, மறுபடி செங்கல். ஒட்டுப்போட்ட தரை. ஒரு காலத்தில் குதிரைகளைக் கட்டினார்கள் என்று தூணில் உள்ள துளைகளைக் காட்டிச் சொல்கிறார்கள். இருக்கலாம்.

*

கல்லறைப் பலகைகளில் பள்ளங்கள்.

மனித உருவின் விளிம்பு. காலடியில் ஒரு நீள் செவ்வகம். பித்தளை இருந்த இடம். பித்தளையைப் பெயர்த்தாயிற்று. ஆணி இருந்த துளையில் தூசி.

கணவன், மனைவி என்று வடிவம் சொல்கிறது. பெயர் சொல்ல எதுவும் இல்லை. கைகள் குவிந்திருந்த இடமும் பள்ளம்தான்.

பள்ளத்தில் விரலை வைக்கிறேன். ஒரு விரல் கனம்கூட இல்லை ஆழம்.

பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கும்போது கால் தானாக விலகுகிறது. பிறகு விலக இடமில்லை. மேலேயே நடக்க வேண்டியிருக்கிறது.

*

ஞானஸ்நானத் தொட்டி, மேற்குக் கோடியில். கல். எட்டு முகம்.

முகங்களில் இருந்த சிற்பங்களை உளியால் சீவி எடுத்திருக்கிறார்கள். கிழக்கு ஆங்கிலியாவின் எட்டுமுகத் தொட்டிகள் பலவற்றில் ஏழு திருவருட்சாதனங்கள் இருக்கும். பிறந்த குழந்தை, திருமணம், கடைசிப் பூசுதல். இங்கே சீவிய தடம் இருக்கிறது. உளி எந்தத் திசையில் போனது என்பது தெரிகிறது.

தொட்டிக்குள் தண்ணீர் இல்லை. விளிம்பு மழுங்கியிருக்கிறது. குழந்தையை ஏந்திய கைகளின் முழங்கை படும் இடம்.

*

கதவருகே காணிக்கைப் பெட்டி. 15ஆம் நூற்றாண்டு மரம். முகப்பில் சாளரப் பின்னலைப்போலவே நுணுக்கமான வேலை. மேலே நாணயத்துக்குக் கீறல்.

நாணயம் விழுகிறது. ஓசை சின்னது. அது முடிந்தபிறகும் காது அங்கேயே இருக்கிறது.

*

கிழக்கே, பாடகர் இருக்கைகள். முன்பக்கம் அப்போஸ்தலர்கள், சிறிய உருவங்களாக, வரிசையாக. பேதுருவின் கையில் திறவுகோல்.

மேற்பலகையில் மைக்கூடு வைக்கும் குழிகள். 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பலகைகள் பள்ளிக்கூட மேசைகள். பிள்ளைகள் இங்கே உட்கார்ந்து எழுதக் கற்கிறார்கள்.

மரத்தில் கத்தியால் கீறிய ஒரு பெயர். டிர்க் லோவர்சன். ஸ்டாக்ஹோமைச் சேர்ந்தவன். ஆண்டு 1665. வயது 12.

கத்தியை அழுத்திப் பிடித்திருக்கிறான். எழுத்துகள் ஆழமானவை. அவசரம் இல்லை. வாத்தியார் எங்கோ போயிருக்கிறார்.

பித்தளையில் எழுதியவர்களுக்குப் பெயர் இல்லாமல் போனது. இவனுக்கு இருக்கிறது.

வெளியே அன்று என்ன வானிலை. ஊர் நினைவு வந்ததா. ஸ்வீடனின் குளிர் இதைவிடக் கடுமை.

விரல் அவன் பெயரின் முதல் எழுத்தின் வளைவில் போய்வருகிறது.

*

வடக்குக் கதவு. திறப்பதில்லை.

உட்பக்கம் கருகிய தடங்கள். நீளமாக, கீழ்நோக்கி.

1577, ஆகஸ்ட் 4. ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை நேரம். பெரும் இடி மின்னல். கோபுரத்தின் மேலிருந்த ஊசிக்கூம்பு கூரையைப் பிளந்து உள்ளே விழுகிறது. ஒரு மனிதரும் ஒரு பையனும் சாகிறார்கள். பக்கத்து ஊரான பங்கேயிலும் அதே காலையில் அதே புயல்.

கறுத்த நாய் ஒன்று ஆலயத்துக்குள் ஓடியது என்று அந்த ஆண்டே லண்டனில் ஒரு சிறு நூல் வெளிவருகிறது. எழுதியவர் ஆபிரகாம் ஃபிளெமிங் என்ற போதகர். சாத்தானே நாயுருவில் வந்தான் என்கிறது ஊர்க்கதை. தடங்கள் அதன் நகங்கள்.

இடி விழுந்த கட்டடத்துக்குள் இருந்தவர்களுக்கு, கண்ணில் பட்டது எது என்று யார் சொல்ல முடியும். பயத்துக்கு ஒரு கால், ஒரு வால், ஒரு நிறம் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஊசிக்கூம்பை மறுபடி கட்டவில்லை. கோபுரம் அன்றிலிருந்து மொட்டை.

விரலால் தடத்தைத் தொட்டால் கரி ஒட்டுவதில்லை.

*

1881. பிஷப் ஆலயத்தை மூடச் சொல்கிறார். ஆபத்து.

சாளரங்களில் பாதி செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். கூரை ஒழுகுகிறது. மழைநாளில் சபையார் குடை பிடித்துக்கொண்டு பிரசங்கம் கேட்கிறார்கள்.

அது புதுப்பிக்கும் வெறி பிடித்த காலம். இங்கிலாந்து முழுக்கப் பழைய ஆலயங்களின் பூச்சைச் சுரண்டுகிறார்கள். பெஞ்சுகளைப் பெயர்த்துப் புதுப் பலகை போடுகிறார்கள். தரையில் பளபளக்கும் ஓடு. ஜன்னலில் புது வண்ணக் கண்ணாடி. இடைக்காலம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தாங்கள் நினைத்தபடி இடைக்காலத்தைக் கட்டுகிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான். எனக்கு அது டௌசிங்கின் சுத்தியலைவிடப் பெரிய துயரமாகப் படுகிறது. உடைந்தது உடைந்ததாகத் தெரியும். புதுப்பித்ததில் எது போனதென்று தெரியாது.

வில்லியம் மோரிஸ் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ப்ளைத்பர்க் விஷயத்திலும் தலையிடுகிறது. கடிதங்கள். வாக்குவாதங்கள். போதகருக்கு மழை ஒழுகாத கூரை வேண்டும். சங்கத்துக்குப் பழைய மரம் வேண்டும். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஊரிடம் பணமில்லை.

பணமில்லாததால் வேலை மெதுவாக நடக்கிறது. மெதுவாக நடந்ததால் மரம் மிஞ்சுகிறது.

*

தூணில் சாய்ந்து நிற்கிறேன். கல்லின் குளிர் சட்டையைத் தாண்டித் தோளுக்கு வருகிறது. சற்று நேரத்தில் எது தோள், எது கல்.

ஒரு ஈ. சாளரத்தில் மோதுகிறது. நிற்கிறது. மோதுகிறது.

*

மேசை கிழக்கே. வெள்ளைத் துணி. இரு மெழுகுவர்த்திகள், ஏற்றாதவை.

அதற்கும் சபைக்கும் நடுவே மரத்தட்டி. ஒரு காலத்தில் அதன்மேல் சிலுவையும், ஒரு பக்கம் மரியாளும், மறுபக்கம் யோவானும் நின்றிருப்பார்கள். எல்லா ஊர் ஆலயத்திலும் நின்றார்கள். எல்லா ஊரிலும் இறக்கப்பட்டார்கள். தட்டியின் கீழ்ப்பாதி மட்டும் அங்கங்கே தங்கியது.

இல்லாத சிலுவையின் இடத்தில் கிழக்குச் சாளரம் தெரிகிறது. வானம் தெரிகிறது.

சுவரில் ஒரு சிறு மாடம். அடியில் கிண்ணம் போன்ற குழிவு, நடுவே ஓட்டை. குரு பாத்திரம் கழுவிய தண்ணீர் அதன்வழியே நேராக மண்ணுக்குப் போகும். சாக்கடையில் கலக்கக் கூடாது. அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு துளி தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள்.

ஓட்டையில் சிலந்தி வலை. காற்றில் அசைகிறது. ஆக, இன்னும் அடைபடவில்லை.

*

1944, ஆகஸ்ட் 12. மாலை.

வெடிமருந்து நிரப்பிய அமெரிக்க விமானம் இந்த வட்டாரத்து வானில் வெடிக்கிறது. இருவர். ஒருவர் ஜோசப் கென்னடி, பின்னாளில் அதிபரான ஜான் கென்னடியின் அண்ணன். இன்னொருவர் வில்ஃபர்ட் வில்லி. இருவர் உடலும் கிடைக்கவில்லை.

கீழே இதே கூரை. இதே முகங்கள். கிழக்கே பார்ப்பவரும் மேற்கே பார்ப்பவரும்.

*

1969, ஜூன். ஸ்னேப் ஊரின் இசை அரங்கம், ஆல்டபர்க் விழா தொடங்கிய அன்றிரவே எரிந்துபோகிறது. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் நிகழ்ச்சிகளை இங்கே கொண்டுவருகிறார். மொட்ஸார்ட்டின் இடொமெனேயோ ஓபரா இந்தத் தூண்களுக்கு நடுவே நடக்கிறது.

கடலில் தப்பிய அரசன். அவன் கடவுளுக்குக் கொடுத்த கொடிய வாக்கு. வெளியே கடல் அதிகத் தூரமில்லை.

மரக்கூரை ஓசையை விழுங்குவதில்லை. திருப்பி வீசுவதும் இல்லை. சற்று நேரம் வைத்திருக்கிறது. தொண்டையைச் செருமினாலே தெரிகிறது.

*

போதகர்களின் பெயர்ப்பலகை. ஆலயப் பூக்களுக்கு முறைப்பட்டியல், தட்டச்சில். பாட்டு எண்கள் பலகையில், மர அட்டைகளாக. கடந்த வாரத்தின் எண்கள்.

பார்வையாளர் ஏடு. பேனா நூலில் கட்டியிருக்கிறது. அமைதி, அமைதி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரு குழந்தை சிறகை மட்டும் வரைந்திருக்கிறது.

கூரைப் பராமரிப்புக்கு உதவி கேட்கும் அறிவிப்பு. ஈயத் தகடு, மரம், சாரம். இந்தக் கணக்கு 600 ஆண்டுகளாக முடியவில்லை.

*

கழிமுகத்தில் நீர் ஏறுகிறது. வடக்குப் பக்கத்துச் சாளரத்தில் அது தெரிகிறது. சேறு மெல்ல மறைகிறது. ஒரு காலத்தில் கரை கட்டி வயலாக்கிய நிலம். 20ஆம் நூற்றாண்டில் கரை உடைந்தது. நீர் திரும்ப எடுத்துக்கொண்டது.

பறவைகள் எழுந்து, திரும்பி, வேறிடத்தில் இறங்குகின்றன.

*

ஞாயிறு.

ஆட்கள் வருகிறார்கள். ஈரக் கோட்டுகள். கைத்தடி. ஒருவர் இன்னொருவரிடம் மழையைப் பற்றிச் சொல்கிறார். பாட்டுப் புத்தகங்கள் கைமாறுகின்றன. ஆர்கன் மூச்சிழுக்கிறது.

மரத்தில் ஒரு தாடிக்காரர், கவசம் அணிந்து, சுவரோரம் நிற்கிறார். கையில் கோடரி. பக்கத்தில் மணி. ஜாக் என்று பெயர். ஆண்டு 1682. கடிகாரத்தோடு இணைந்து மணியடித்தவர். இப்போது கயிற்றை இழுத்தால் அடிக்கிறார், ஆராதனை தொடங்கும்போது மட்டும்.

யாரோ கயிற்றை இழுக்கிறார்கள். ஜாக் தலையைத் திருப்பி ஓங்கி அடிக்கிறார்.

எல்லோரும் எழுகிறார்கள். பெஞ்சுகள் கிறீச்சிடுகின்றன. சோம்பலின் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள் எழுந்து நிற்கிறார். கண்ணாடியைச் சரிசெய்கிறார். முதல் பாட்டின் எண்ணைத் தேடுகிறார்.